கேட்பதற்கு ஒருவர்: உளவளத்துணை பற்றிய ஓர் அநுபவக் குறிப்பு

தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது எங்கள் ஊர்ப் பெரியோர் வாக்கு. உளவளத்துணை என்னும் சொல்லை நான் பல தடவை கேட்டிருக்கிறேன், சுவரொட்டிகளில் வாசித்துமிருக்கிறேன். ஆயினும் அது எனக்கும் உரியது என்று ஒருபோதும் எண்ணியதில்லை. அவ்வெண்ணம் எவ்வாறு மாறிற்று என்பதையும், அந்த அறைக்குள் செல்பவர் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்த்தலாகாது என்பதையும் என் அநுபவங்கொண்டு கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் சமூகத்தில் இச்சொல் பேரிழப்புக்களோடு சேர்ந்தே பரவியது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகவும் பேராசிரியராகவும் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போர் மக்கள் மனங்களில் விட்டுச்சென்ற வடுக்களை ஆராய்ந்து 1998இல் ஆங்கிலத்தில் நூலொன்றை வெளியிட்டார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் உளசமூகப் பணியாளர் பலர் கரையோர முகாம்களுக்குச் சென்றனர். 2009இல் போர் முடிந்த பின்னர் உறவுகளை இழந்தோரிடையே அப்பணி தொடர்ந்தது. எனவே உளவளத்துணை பெருந்துயர் கண்டவர்க்கே உரியது என்ற எண்ணம் என்னுள் வேரூன்றியிருந்ததில் வியப்பில்லை. என் துயரமோ சிறியது. எண்பத்திரண்டு வயதான ஒரு மூதாட்டி நோயுற்று இறந்தார், அவ்வளவே.

அம்மூதாட்டி என் அம்மம்மா. அம்மா தாதியாக வெளிமாவட்டங்களிற் கடமையாற்றியமையால், என்னைக் குளிப்பாட்டியதும் சோறு தீத்தியதும் பள்ளிக்கூடம் கூட்டிச் சென்றதும் அவரே. பல்கலைக்கழகம் வந்தபின் ஒவ்வோர் இரவும் நான் தொலைபேசியில் அழைப்பேன். "சாப்பிட்டியோ?" என்பது அவருடைய முதற் கேள்வி, பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியும்.

என் முதலாம் வருடப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது அவர் காலமானார். எனக்கு இன்னும் இரண்டு பாடங்கள் எஞ்சியிருந்தன. பரீட்சை முடியும்வரை எனக்குச் சொல்வதில்லை என வீட்டில் தீர்மானித்தார்கள். என் அறைத்தோழனுக்கும் அவ்வாறே கூறிவைத்தார்கள். அன்றிரவு நான் அழைத்தபோது, "அம்மம்மா நித்திரை, பிறகு கதையன்" என்றார் அம்மா. "எழுப்ப வேண்டாம்" என்று நானே சொன்னேன்.

ஐந்தாம் நாள் விடிகாலையில் பேருந்தால் இறங்கினேன். அழைத்துச் செல்ல வந்த மாமா வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. ஒழுங்கை முகப்பில் தொங்கிய வெள்ளைக் கொடிகளே எனக்குச் செய்தி சொன்னவை. செத்தவீடு முடிந்துவிட்டது; ஒப்பாரியும் ஓய்ந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் சூழ நின்று பந்தம் பிடிப்பது எங்கள் வழக்கம். மூத்த பேரனாகிய நான் நிற்கவேண்டிய இடம் வெறுமையாய் இருந்திருக்கும். வந்தவர் யாவரும், "வயது போன மனிசி, கிடந்து உத்தரியாமல் போட்டுது" என்றே ஆறுதல் கூறினர். அது உண்மைதான். ஆகவே அழுவதற்கும் எனக்குக் காரணம் இல்லாமற் போயிற்று.

இரண்டாம் வருடப் பரீட்சையின் முதல் நாள், வினாத்தாளைக் கையில் வாங்கியதும் என் விரல்கள் விறைத்தன. மூச்சு முட்டியது. அரைமணி நேரம் ஓர் எழுத்தும் எழுதாது இருந்துவிட்டு மண்டபத்தை விட்டு வெளியேறினேன். அடுத்த பாடத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. படித்தவை யாவும் நினைவில் இருந்தமையே எனக்கு வியப்பாக இருந்தது. நண்பர்கள் தைரியமாக இருக்கச் சொன்னார்கள். உறவினர் ஒருவர் நூல் கட்டுவித்தார். வேறொருவர் அதிகாலையில் எழுந்து படிக்கும்படி அறிவுரை கூறினார். அறிவுரைக்கு எங்களிடம் என்றும் பஞ்சமில்லை.

எங்கள் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர் சிலர் 'மாணவ ஆலோசகர்' என நியமிக்கப்படுவதுண்டு. மாணவர் நலன், ஒழுக்கம் முதலியவற்றைக் கவனிப்பது அவர்தம் பணி. அத்தகைய ஒருவரே என்னை உளவளத்துணையாளர் ஒருவரிடம் அனுப்பிவைத்தார். இவ்விருவரும் ஒருவரல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. உளமருத்துவர் இன்னும் வேறானவர். அவர் நோயைக் கண்டறிந்து, வேண்டுமாயின் மருந்தும் கொடுப்பார். உளவளத்துணையாளர் மருந்து கொடுப்பதில்லை. மருத்துவம் வேண்டுமெனத் தோன்றின் உளமருத்துவரிடம் அனுப்புவார்.

நான் எதிர்பார்த்துச் சென்றது கண்டனம் கலந்த ஒரு புத்திமதியை. நடுத்தர வயதுடைய அப்பெண்மணி முதலில் விதிகளை எடுத்துரைத்தார். ஒவ்வொரு சந்திப்பும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். பேசுபவை அறைக்கு வெளியே செல்லா. உயிருக்கு ஆபத்து நேரும் நிலை மட்டும் அதற்கு விலக்கு. விரும்பாத வினாவுக்கு விடை கூறவேண்டியதில்லை. பின்னர், "எங்கே தொடங்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு மௌனமானார்.

அம்மௌனம் எனக்கு மிகுந்த சங்கடத்தைத் தந்தது. இரண்டு சந்திப்புக்கள் முழுவதும் பரீட்சையைப் பற்றியே பேசினேன். 'இவர் ஒன்றும் சொல்கிறாரில்லையே, இதனால் யாது பயன்?' என்று எண்ணி மூன்றாவது சந்திப்பைத் தவிர்க்கவும் நினைத்தேன். உளவளத்துணை நாடும் பலர் இக்கட்டத்திலேயே திரும்பிவிடுகின்றனர் என எண்ணுகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், துணையாளரிடம் இருக்கவேண்டிய மூன்று பண்புகளை வலியுறுத்தினார். பிறர் உள்ளத்தை அவர் நிலைநின்று உணரும் ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, போலியற்ற உண்மைத்தன்மை என்பனவே அவை. அறிவுரை கூறுந் திறன் அப்பட்டியலில் இல்லை. தமிழைப் பாடமாகப் பயிலும் எனக்கு இது பின்னர் அத்துணை அந்நியமாகத் தோன்றவில்லை. அகப்பாடல்களிலே தலைவி தோழியை விளித்துத் தன் நெஞ்சைத் திறக்கிறாள். அப்பாடலிலே தோழி மறுமொழி கூறுவதில்லை. அவள் அருகிருந்து கேட்பதனாலேயே அக்கூற்று பிறக்கிறது.

மூன்றாவது சந்திப்பிலே அவர், "மண்டபத்தில் விரல் விறைத்த அந்தக் கணத்தில் உங்கள் மனத்தில் ஓடிய எண்ணம் என்ன?" என்று வினவினார். நெடுநேரம் ஒன்றும் தோன்றவில்லை. பின்னர் என்னையறியாமலே ஒரு வாக்கியம் வெளிவந்தது: "இப்ப வீட்டில ஆரோ சாகினம், எனக்குச் சொல்ல மாட்டினம்." சொல்லி முடிக்கும்வரை அப்படியோர் எண்ணம் என்னுள் இருந்ததை நான் அறியேன். அன்றுதான் அம்மம்மாவுக்காக முதன்முதலில் அழுதேன். அம்மாமீது எனக்கிருந்த கோபமும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

இத்தகைய சிகிச்சையின் வரலாற்றிலே ஒரு செய்தி உண்டு. வியன்னாவிலே 1880 தொடக்கம் 1882 வரை மருத்துவர் புரோயரிடம் சிகிச்சை பெற்ற பேர்த்தா பாப்பன்ஹைம் என்னும் பெண்ணே அதற்குப் 'பேச்சுச் சிகிச்சை' எனப் பெயரிட்டவர். 1895இல் புரோயரும் பிராய்டும் எழுதிய நூலில் அவர் அன்னா ஓ. என்ற புனைபெயருடன் இடம்பெற்றார். பெயரிட்டவர் மருத்துவரல்லர், பேசியவரே என்பது சிந்திக்கற்பாலது. அவர் உடனே குணமடைந்துவிடவுமில்லை. பின்னரும் சில காலம் சிகிச்சை நிலையங்களிற் கழித்தார். அதன் பின்னரே சமூகப் பணியாளராய்ச் சிறப்புற்று, 1904இல் யூதப் பெண்களுக்கான சங்கமொன்றை ஜேர்மனியில் நிறுவினார். எனவே பேசிய மறுநாளே நலம் வந்துவிடும் என எதிர்பார்த்தலாகாது. சில சந்திப்புக்களின் பின்னர் நான் முன்னிலும் அதிகம் களைத்துப்போய் விடுதி திரும்பியதுண்டு.

ஐந்தாவது சந்திப்பின் பின்னர் வீட்டுக்குச் சென்றேன். அம்மாவிடம் பேசும்படி துணையாளர் கூறவில்லை; பேசவேண்டுமென எனக்கே தோன்றியது. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அம்மா நெடுநேரம் அழுதார். "அவதான் சொன்னவ, பிள்ளைக்குச் சோதினை முடியட்டும் எண்டு. உன்ர குரலைக் கேட்டுக்கொண்டு நித்திரை எண்டு சொல்ல நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது" என்றார். அதைக் கேட்டதும் என் கோபம் தணிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். ஆனால் ஓராண்டாக அம்மாவும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டிருந்தார் என்பதையும், அதை அவரிடம் கேட்பார் யாரும் இருந்ததில்லை என்பதையும் உணர்ந்தேன். இனி எதையும் மறைப்பதில்லை என எனக்கு வாக்களித்தார்.

தவறவிட்ட பாடங்களுக்கு மீண்டும் தோற்றினேன். விரல்கள் அன்றும் நடுங்கின. அதே எண்ணம் அன்றும் வந்தது. ஆனால் அது எங்கிருந்து வருகிறதென்பது எனக்குத் தெரிந்திருந்தது. சிறிது நேரம் பேனாவை வைத்துவிட்டு இருந்தேன், பின்னர் எழுதினேன். பெறுபேறு சாதாரணமானதே.

உளவளத்துணை என் இழப்பை நீக்கவில்லை; பிடிக்காத பந்தத்தை இனி நான் பிடிக்கவும் முடியாது. என் துயரம் சிறியதென்று பிறரும் நானும் கூறிவந்ததை ஒருவர் அளந்து பாராது கேட்டார். அதனாலேயே அது சொல்லத்தக்கதாயிற்று. இதனை வாசிக்கும் சக மாணவர் எவரேனும், 'இதற்கெல்லாம் போவதா?' என்று தயங்கி நிற்பாராயின், அத்தயக்கத்தையே முதற் சந்திப்பிற் சொல்லித் தொடங்கலாம். துயருற்ற நண்பன் ஒருவன் அறைக்கு வருவானாயின், அறிவுரையைச் சற்றே ஒத்திவைத்து அவன் சொல்வதை முழுவதும் கேட்பது எங்கள் எல்லோராலும் இயலக்கூடியது.

இப்போதும் இரவில் வீட்டுக்கு அழைக்கிறேன். "சாப்பிட்டீங்களோ?" என்று அம்மாவிடம் நான் கேட்கிறேன்.