கிணற்றடியில் காது வைக்க ஆளில்லை

கருணாபுரத்தில் வீடு, கோமுகி ஆற்றுப் பக்கம் இரண்டு ஏக்கர் கரும்பு. அந்த விவசாயிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முன்பெல்லாம் மும்முனை மின்சாரம் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் டார்ச் லைட்டோடு கிணற்றடிக்குக் கிளம்பிவிடுவார். மோட்டாரைப் போட்டுவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் ஏறும்வரை திட்டில் உட்கார்ந்திருப்பார். சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

பிறகு செல்போன் ஸ்டார்ட்டர் வந்தது. படுத்த இடத்திலிருந்தே மோட்டாரைப் போட்டார், நிறுத்தினார். பாம்பு பயம் போனது, தூக்கமும் கெடவில்லை. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், வாரக்கணக்கில் மோட்டார் பக்கம் யாருமே போகவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் மோட்டார் புகைந்து நின்றது. வைண்டிங் கடைக்காரர் அதைப் பிரித்து, துருப்பிடித்த பேரிங்கை உள்ளங்கையில் வைத்து உருட்டிக் காட்டினார். "ஐயா, இது நேத்து போனதில்லைங்க. ஒரு மாசமா கத்தியிருக்கும். கேக்கத்தான் ஆளில்ல" என்றார்.

பம்ப் பக்கம் சீல் கசிந்திருக்கிறது. தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கெடுத்து, குண்டு ஓடும் பாதையில் துருக் குழி விழுந்திருக்கிறது. குண்டு தேயத் தேய சாஃப்ட் ஆட்டம் கண்டிருக்கிறது. ரோட்டாருக்கும் வெளியே உள்ள ஸ்டேட்டருக்கும் நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். அந்த ஆட்டத்தில் இரண்டும் உரசி, காயில் கருகிவிட்டது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குப் பல ஆயிரம் ஆனது. காயில் கட்டி வர ஐந்து நாள். அதற்குள் மேட்டுப் பக்கக் கரும்பில் தோகை சுருண்டுவிட்டது.

காத்திருந்த நேரத்தில் கடைக்காரர் சொல்லிக்கொடுத்ததை இப்போது ஞாயிறுதோறும் செய்கிறார். நீள ஸ்குரூ டிரைவரின் முனையை பேரிங் மூடிமேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைக்கிறார் (தோள் துண்டை முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும், விசிறிப் பக்கம் கை போகக் கூடாது). சீரான ரீங்காரம் என்றால் சரி. கீச்சென்றால் கிரீஸ் வற்றியிருக்கலாம். கரகரவென்றால் குழி விழுந்திருக்கும். சந்தேகம் வந்தால் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கிறார். நிறுத்திய நொடியே சத்தம் அடங்கினால் கோளாறு மின்சாரத்தில் இருக்கிறது. சுற்று குறையும்வரை சத்தமும் கூடவே வந்தால் பேரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய ஆலைகளில் இதே வேலையை அதிர்வுமானி செய்கிறது. நிமிஷத்துக்கு 2,880 சுற்று ஓடும் மோட்டாரில் எட்டு குண்டு பேரிங் இருந்து, அதன் வெளி வளையத்தில் ஒரு குழி விழுந்தால், விநாடிக்குச் சுமார் 150 முறை தட்டும். கருவி அந்தத் தட்டைத் தனியே பிரித்துக் காட்டிவிடும். நமக்கு அது 'கரகர'.

பேரிங் வாங்கப் போகும்போது எண்ணை அப்படியே குறித்துக்கொண்டு போகிறார். 6306 என்றால் கடைசி 06-ஐ ஐந்தால் பெருக்கினால் 30. சாஃப்ட் துளை 30 மில்லிமீட்டர். மாட்டும்போது வெளி வளையத்தில் சுத்தியல் படக் கூடாது. உள் வளையத்தில் குழாய்த் துண்டை வைத்துத்தான் தட்ட வேண்டும். அவசரத்தில் வெளியே தட்டி, புது பேரிங்கிலேயே குழி போட்டுவிடுகிறவர்களும் உண்டு. கிரீஸை வாரி அடைப்பதும் தப்பு. கூடினால் அதுவே சூடேற்றும்.

அவருடைய போர்வெல்லில் இருப்பது நீர்மூழ்கி மோட்டார். அதில் காது வைக்க வழியில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்ப்ஸ் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, பக்கத்துச் சுவரில் கரியால் எழுதி வருகிறார். வோல்டேஜ் மாறாமல் ஆம்ப்ஸ் மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறினால் உள்ளே ஏதோ இறுகுகிறது; அது பேரிங்காகவும் இருக்கலாம், மணல் சிக்கியதாகவும் இருக்கலாம். சுவரில் இதுவரை ஒன்பது வாரக் கணக்கு இருக்கிறது.