பதினாறில் ஒரு பங்கு

ஒரு வரைபடம், சில மெல்லிய மரப்பலகைகள், கூர்மையான கத்தி, சிறிய இரம்பம், அரம், உப்புத்தாள், பசை, ஒரு டசன் துணி கிளிப்புகள். மரத்தால் மாதிரிப் படகு செய்ய விரும்புபவருக்குத் தொடக்கத்தில் தேவைப்படுபவை இவைதாம். மின்சாரக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தனிப் பட்டறையும் வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை போதும். ஆனால், கடையில் வாங்க முடியாத ஒன்றும் தேவை. அது அளவை மதிக்கும் பழக்கம்.

மாதிரிக் கப்பல் என்றதும் மூன்று பாய்மரங்களும் நூற்றுக்கணக்கான கயிறுகளும் கொண்ட பெரிய கப்பலே பலரின் மனத்தில் தோன்றும். அனுபவம் உள்ளவர்கள் புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. முதலில் ஒரு சிறு படகைச் செய்யுங்கள் என்றே கூறுவார்கள். அவ்வாறு பலரும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் படகுகளுள் ஒன்று ‘பௌன்டி’ என்ற ஆங்கிலேயக் கப்பலுடன் சென்ற படகு. அது அளவில் சிறியது. ஆனால், அதற்குப் பின்னால் பெரிய வரலாறு ஒன்று உண்டு.

1787ஆம் ஆண்டின் இறுதியில் பௌன்டி கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. பசிபிக் பெருங்கடலில் உள்ள தாஹிட்டித் தீவிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றி வருவதே அதன் பணி. கப்பலின் தலைவர் வில்லியம் பிளை. கன்றுகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், 1789ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் விடியற்காலையில் கப்பலில் கலகம் மூண்டது. ஃபிளெட்சர் கிறிஸ்டியன் என்பவரின் தலைமையில் கலகக்காரர்கள் கப்பலைக் கைப்பற்றினர். பிளையையும் அவருடன் 18 பேரையும் ஒரு படகில் இறக்கிக் கடலில் விட்டனர். பிளையின் பக்கம் நின்ற வேறு சிலர் படகில் இடமில்லாததால் கப்பலிலேயே தங்க நேர்ந்தது. நடுக்கடலில் விடப்பட்ட அந்தப் படகைத்தான் இன்று மாதிரி செய்பவர்கள் தங்கள் மேசைமேல் மீண்டும் கட்டுகிறார்கள்.

அந்தப் படகின் நீளம் 23 அடி. அகலம் 6 அடி 9 அங்குலம். ஆழம் 2 அடி 9 அங்குலம். இந்த எண்களைப் படிக்கும்போது அவை வெறும் எண்களாகவே தோன்றும். மாதிரி செய்பவர் இவற்றை முதலில் சுருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு என்ற விகிதத்தில் சுருக்கினால், நீளம் சுமார் 44 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டு சாண். அகலம் சுமார் 13 சென்டிமீட்டர். ஆழம் 5 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். இந்த விகிதத்தை மாதிரி செய்பவர் ஒருபோதும் மறக்கக்கூடாது. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், உண்மைப் படகில் அது 16 மில்லிமீட்டர் பிசகியதற்குச் சமம்.

அடுத்தது வரைபடத்தைப் படிக்கும் வேலை. படகின் வரைபடம் மூன்று தோற்றங்களைக் காட்டும். ஒன்று, பக்கவாட்டிலிருந்து பார்க்கும் தோற்றம். மற்றொன்று, மேலிருந்து பார்க்கும் தோற்றம். மூன்றாவது, நேர் எதிரிலிருந்து பார்க்கும் தோற்றம். இந்த மூன்றாவது தோற்றம் புதியவர்களைக் குழப்பிவிடும். நடுக்கோட்டின் வலப்பக்கத்தில் படகின் முன்பாதியின் வளைவுகள் இருக்கும். இடப்பக்கத்தில் பின்பாதியின் வளைவுகள் இருக்கும். படகின் இரு பக்கங்களும் ஒன்றுபோல இருப்பதால், ஒவ்வொரு வளைவிலும் பாதியை மட்டும் வரைந்தால் போதும் அல்லவா? இப்படி ஒரே படத்தில் முழுப் படகையும் அடக்கிவிடுகிறார்கள். மூன்று தோற்றங்களையும் மனத்தில் ஒன்றாக இணைத்துப் பார்க்கும் நொடியில், தட்டையான தாளிலிருந்து படகின் உருவம் எழுந்து நிற்கும்.

இனிமேல்தான் கைவேலை. படகின் முதுகெலும்பு போன்றது அதன் அடிமரம். தமிழில் அதற்கு ‘எரா’ என்ற பழைய பெயரும் உண்டு. வரைபடத்தின் நகலை மரப்பலகையின்மேல் ஒட்டி, கோட்டுக்குச் சற்று வெளியே இரம்பத்தால் அறுக்க வேண்டும். பிறகு, அரத்தாலும் உப்புத்தாளாலும் கோடுவரை தேய்க்க வேண்டும். கோட்டின்மேலேயே அறுத்தால் தேய்ப்பதற்கு மரம் மிஞ்சாது. அதிகமாக விட்ட மரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்துவிட்ட மரத்தைக் கூட்ட முடியாது.

அடிமரத்தின்மேல் விலாச்சட்டங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு சட்டத்தின் இரண்டு பக்கங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தாளை இரண்டாக மடித்து, பாதி வளைவை வரைந்து, மடிப்போடு சேர்த்து வெட்டினால் இரு பக்கமும் சரியாக ஒத்திருக்கும். அந்தத் தாளை அச்சாக வைத்து மரத்தை அறுக்கலாம். சட்டங்களை ஒட்டும்போது மூலைமட்டத்தை வைத்து, அவை நேராக நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

எல்லாச் சட்டங்களும் ஒட்டி முடிந்ததும் ஒரு சோதனை இருக்கிறது. மெல்லிய மரக்குச்சி ஒன்றைப் படகின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை வளைத்து வைத்துப் பார்க்க வேண்டும். அது எல்லாச் சட்டங்களையும் தொட்டபடி இழைந்து சென்றால் வேலை சரி. ஒரு சட்டம் மேடாக இருந்தால் குச்சி அங்கே எழும்பும். தாழ்ந்திருந்தால் அங்கே இடைவெளி தெரியும். மேட்டை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். பள்ளத்தில் மெல்லிய மரச்சீவலை ஒட்டி நிரப்பலாம். ஆனால், ஒரு சட்டம் கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் அதைப் பிரித்தெடுத்துப் புதிதாகச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த இடத்தில்தான் பலரின் மனம் தடுமாறும். ‘மேலே பலகை ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?’ என்ற எண்ணம் எழும். வாரக்கணக்கில் செய்த வேலையைக் கலைக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால், மேலே ஒட்டும் பலகை உள்ளே இருக்கும் கோணலை மறைக்காது. அந்தக் கோணலோடு சேர்ந்து தானும் வளைந்து, அதை ஊரறியக் காட்டிவிடும். ஒரு சட்டத்தைப் பிரிக்கத் தயங்கியவர், பின்னர் பத்துப் பலகைகளைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

பலகை ஒட்டுவதற்கும் பொறுமை வேண்டும். காய்ந்த மரப்பட்டையை அப்படியே வளைத்தால் முறிந்துவிடும். அதை வெந்நீரில் ஊறவைத்து, மெதுவாக வளைத்து, சட்டங்களோடு கிளிப்புகளால் பிடித்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் எடுத்தால் அது அந்த வளைவிலேயே நிற்கும். பிறகுதான் பசை தடவி ஒட்ட வேண்டும். வலப்பக்கம் ஒரு பலகை ஒட்டினால், அடுத்த பலகையை இடப்பக்கம் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டி முடித்தால், அந்தப் பலகைகளின் இழுவிசையால் அடிமரமே முறுக்கிக்கொள்ளும். ஒரு நாளில் ஒரு சோடிப் பலகைகளை மட்டும் ஒட்டுபவர்களும் உண்டு. அவர்களுடைய படகுதான் நேராக நிற்கும்.

உட்காரும் குறுக்குப் பலகைகளைப் பொருத்தியதும் படகு ஏறத்தாழ முழுமை பெற்றுவிடும். இப்போது ஒரு சிறிய வேலை செய்து பார்க்கலாம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினால், அவர் உயரம் சுமார் 10.6 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் 19 அட்டை உருவங்களை வெட்டி, இடுப்பில் மடித்துப் படகினுள் உட்கார வைக்க வேண்டும். முதல் பத்து உருவங்கள் எளிதாக அமர்ந்துவிடும். பிறகு முழங்கால்கள் இடிக்கும். கடைசி உருவங்களை உட்கார வைக்கும்போது, ரொட்டிக்கும் தண்ணீருக்கும் பாய்க்கும் துடுப்புக்கும் எங்கே இடம் என்ற கேள்வி எழும். ஒருவர்கூடக் கால்நீட்டிப் படுக்க இடமில்லை என்பது கண்முன்னே தெரியும்.

பிளை எழுதி வைத்த குறிப்புகள் இதை உறுதிப்படுத்துகின்றன. பாதிப் பேர் உட்கார்ந்திருக்க, மீதிப் பேர் படகின் அடியில் மடங்கிக் கிடந்து முறைவைத்து உறங்கினர். அத்தனை பேரின் எடையால் படகு நீரில் ஆழ அமிழ்ந்திருந்தது. அதன் விளிம்புக்கும் கடல்நீருக்கும் இடையே இருந்த உயரம் சுமார் 7 அங்குலம், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. மாதிரியில் அது ஒரு சென்டிமீட்டர்தான். சுண்டுவிரலை வைத்தால் மறைந்துவிடும் அளவு. அந்த ஒரு விரல் அகலத்தை நம்பித்தான் 19 உயிர்கள் இருந்தன. அலை உள்ளே பாயும்போதெல்லாம் அவர்கள் ஓயாமல் நீரை இறைத்துக்கொண்டே இருந்தனர்.

உணவு தேடி இறங்கிய தொஃபுவாத் தீவில் நடந்த தாக்குதலில் ஒருவர் உயிரிழந்தார். மீதி 18 பேரும் திமோர் தீவை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களிடம் கடல்வழிப் படங்கள் இல்லை. இருந்த 150 பவுண்டு ரொட்டியைப் பல வாரங்களுக்குப் பங்கிட வேண்டியிருந்தது. பிளை இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கொண்டு ஒரு தராசு செய்தார். படகில் கிடந்த துப்பாக்கிக் குண்டு ஒன்றே எடைக்கல் ஆயிற்று. அதன் எடை ஒரு பவுண்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, சுமார் 18 கிராம். ஒரு வேளைக்கு ஒருவருக்கு அவ்வளவு ரொட்டிதான். தலைவருக்கும் அதே பங்கு, சமையற்காரருக்கும் அதே பங்கு. பசித்திருந்த அத்தனை பேரும் அந்தச் சிரட்டைத் தராசுக்குக் கட்டுப்பட்டனர்.

அந்தப் படகில் கப்பல் தச்சர் ஒருவரும் இருந்தார். தம் கருவிப் பெட்டியை எடுத்துச்செல்லக் கலகக்காரர்கள் அவரை அனுமதித்திருந்தனர். புயலில் ரொட்டி நனைந்து கெட்டுப்போகும் நிலை வந்தபோது, பிளை அந்தப் பெட்டியைக் காலிசெய்தார். கருவிகளைப் படகின் அடியில் போட்டுவிட்டு, பெட்டிக்குள் ரொட்டியை வைத்துக் காத்தார். எடையைக் குறைப்பதற்காக மிகுதியான துணிகளையும் கயிறுகளையும் கடலில் எறிந்தனர்.

1789ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அவர்கள் திமோரில் உள்ள கூப்பாங் நகரை அடைந்தனர். 47 நாள்களில் சுமார் 6,700 கிலோமீட்டர் தூரத்தை அவர்கள் கடந்திருந்தனர். தொஃபுவாவிலிருந்து புறப்பட்ட 18 பேரும் எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு கரையேறினர்.

இந்த வரலாற்றைப் புத்தகத்தில் சில நிமிடங்களில் படித்துவிடலாம். 23 அடி என்ற எண்ணையும் எளிதாகக் கடந்து போய்விடலாம். ஆனால், ஒவ்வொரு சட்டத்தையும் அளந்து, அறுத்து, தேய்த்து, சில மாதங்கள் அந்தப் படகோடு வாழ்ந்தவருக்கு அது வெறும் எண் அன்று. இரண்டு சாண் நீளமுள்ள அந்த மரப்படகைக் கையில் ஏந்தும்போது, எந்தப் பலகையில் எத்தனை பேர் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள், எந்த விளிம்பின் வழியாக அலை உள்ளே வந்திருக்கும் என்பதை அவருடைய விரல்களே அவருக்குச் சொல்லிவிடும்.