கிரிவலத்தில் ஒரு பஞ்சு மெத்தை

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் வெறுங்காலோடு வீராப்பாகக் கிளம்பிய நான், யம லிங்கம் தாண்டுவதற்குள் நொண்ட ஆரம்பித்துவிட்டேன். ஆபீஸ் நாற்காலியில் வளர்ந்த கால் சார், வேறென்ன செய்யும்? பக்கத்தில் அப்பா. 65 வயசு, 10 வருஷமாக சர்க்கரை. மனுஷர் ஜம்மென்று நடக்கிறார்.

"எனக்குப் பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குடா!"

பொறாமையாக இருந்தது. குபேர லிங்கத்துக்கிட்டே சுக்கு காபிக்கு உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். வலது பாதத்தில் ரத்தம். உள்ளே கண்ணாடிச் சில்லு. அவருக்குத் தெரியவே இல்லை!

"அந்தப் பஞ்சுதான் சார் அறிகுறி" என்றார் மறுநாள் டாக்டர். சர்க்கரை, பாதத்து நரம்பை மழுங்கடித்திருக்கிறது. காயம் தெரியாது, ஆறவும் லேசில் ஆறாது. முற்றினால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். இனி வீட்டுக்குள்ளேயும் செருப்பு. கழுவினால் விரலிடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது. நகத்தை நேராக வெட்டணும். கால் ஆணியைப் பிளேடால் சீவும் வேலையே கூடாது. (அப்பா என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார்.)

இப்போது தினமும் ராத்திரி அவர் காலை நீட்ட, நான் டார்ச் அடித்துப் பாதம் பார்க்கிறேன்.

"அடுத்த பௌர்ணமிக்கு ஆட்டோவிலேயே சுத்திடலாம்ப்பா."

"பாதி புண்ணியம்தான்டா கிடைக்கும்" என்கிறார். பிளேடு பாக்கெட்டை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.