கறிவேப்பிலைப் புழு

எங்கள் ஊர்ப் பெயரிலேயே குறிஞ்சி இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைப் பார்க்கக் கொடைக்கானலுக்குத்தான் போக வேண்டும். 2018-இல் பூத்தபோது "போய்ப் பார்த்துட்டு வருவோமே" என்றாள் என் மனைவி. முழங்கால் வலி என்று தட்டிக் கழித்தேன். அடுத்த பூப்பு 2030. அவள் இப்போது இல்லை.

அவள் வைத்த கறிவேப்பிலை மரம் கொல்லையில் நிற்கிறது. அதில் வரும் புழுக்களை நான் நசுக்கிப் போடுவேன். "நாலு இலைதானே, தின்னுட்டுப் போகட்டும்" என்பாள். நான் கேட்டதில்லை.

போன ஐப்பசியில் பேத்தி அப்படி ஒரு புழுவைப் பாட்டிலில் வளர்த்தாள். முதலில் பறவை எச்சம் போல இருந்தது, பிறகு பச்சையானது. கூட்டுக்குள் போய், பத்துப் பன்னிரண்டு நாளில் கறுப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளிகளோடு வெளியே வந்தது.

புத்தகத்தைப் பார்த்து, "காமன் ரோஸ்" என்றேன்.

"உடம்பைப் பாருங்க தாத்தா. ரோஸுக்கு உடம்பு சிவப்பு. இதுக்குக் கறுப்பு. இது காமன் மார்மன், பொண்ணு."

ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளரும் ரோஸின் உடம்பில் நஞ்சு உண்டு, பறவைகள் தொடாது. நஞ்சில்லாத மார்மன் பெண், அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது. இரண்டையும் பிரித்தறிய உடம்பின் நிறமும் தின்ற செடியும் போதும். எருக்கஞ்செடியில் வரிவரியாக இருக்கும் புழு, வெந்தய வரியன் ஆகும் என்பதையும் அவளிடம்தான் கற்றேன்.

பட்டாம்பூச்சியே காணோம் என்று நானும் அலுத்துக்கொண்டவன்தான். இப்போது அந்த மரத்துப் புழுக்களில் கை வைப்பதில்லை. நாலு இலைதானே.