திரும்பி வருகிறவர்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் பொறுப்பேற்ற முதல் பங்கில் ஒரு சிறு மருந்தகம் இருந்தது. அதனை நடத்திவந்த அருள்சகோதரியர் வேறிடம் மாற்றப்பட்டபோது, ஒரு தனியார் மருத்துவரிடம் ஒப்படைத்தேன். ஏழைகளிடம் கட்டணம் பெறலாகாது என்று எழுதிக் கையொப்பமும் இட்டோம். என் கடமை முடிந்ததென்று நிம்மதியுற்றேன்.

மூன்றாம் ஆண்டில் நோயில்பூசுதல் வழங்கச் சென்ற குடிசையில் ஒரு மூதாட்டி சொன்னார்: "காசு இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க சாமி. உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நினைச்சோம்." அந்த மூன்று ஆண்டுகளில் ஒருநாளேனும் நான் அங்கே சென்று கணக்குக் கேட்டதில்லை.

அந்த உறுத்தலோடுதான் பின்னாளில் இங்கிலாந்தின் ஹின்சிங்புரூக் மருத்துவமனை பற்றிப் படித்தேன். ஹண்டிங்டன் நகரின் அந்தப் பொது மருத்துவமனை கடனில் அமிழ்ந்திருந்தது. 2012 பிப்ரவரியில் அதன் நிர்வாகம், 10 ஆண்டு ஒப்பந்தத்தின்படி, சர்க்கிள் என்னும் தனியார் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. தன் பணத்தில் 50 இலட்சம் பவுண்டுக்கு மேல் இட நேர்ந்தால் நிறுவனம் விலகிக்கொள்ளலாம் என்பது விதிகளுள் ஒன்று.

ஓராண்டு கழித்து, 2013-இல், நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு எச்சரித்தது. நட்டத்தின் சுமையில் ஒரு பகுதியைப் பிறர் தோளில் ஏற்றலாம். மருத்துவமனையை நடத்தும் பொறுப்பை அரசு கைகழுவ இயலாது என்பதே அதன் சாரம். 2015 சனவரியில் நிறுவனம் விலகுவதாக அறிவித்தது. அதே நாளில் வெளியான தர ஆய்வு, அம்மருத்துவமனையின் பராமரிப்பு போதாதென்று மதிப்பிட்டது. மார்ச்சு இறுதியில் நிர்வாகம் மீண்டும் அரசிடமே வந்து சேர்ந்தது.

குழு கேட்ட கேள்விகள் நேரியவை. ஆனால் அவை கையொப்பம் உலர்ந்தபின் கேட்கப்பட்டவை.

நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். காயங்களைக் கட்டியதையே வியந்து பேசினேன். மறுநாள் காலை நிகழ்ந்ததைக் கருதவில்லை. அவரும் நோயாளியை இன்னொருவரிடம் ஒப்படைக்கத்தான் செய்தார். சாவடிப் பொறுப்பாளருக்கு இரண்டு தெனாரியம் கொடுத்தார். ஆனால் கூடுதல் செலவைத் தாமே ஏற்பதாகவும், திரும்பி வருவதாகவும், புறப்படும் முன்னரே சொல்லிவிட்டுச் சென்றார். ஒப்படைத்தபின்னும் அந்த நோயாளி அவருடைய பொறுப்பாகவே இருந்தார்.

மக்களின் மருத்துவமனையைத் தனியாரிடம் ஒப்படைக்க ஓர் அரசு முற்படலாம். அதுவே தவறென்று நான் சொல்லத் துணியேன். ஆனால் மக்களின் பெயரால் திரும்பி வந்து கேட்கவேண்டியவர்கள் சட்டமன்றத்தில் அமர்ந்திருப்போரே. எவரெவர் சிகிச்சை பெற்றனர், எவரெவர் திருப்பி அனுப்பப்பட்டனர், பணம் எங்கே சென்றது என்று ஆண்டுதோறும் கேட்கும் உரிமையைக் கையொப்பத்துக்கு முன்பே அவர்கள் எழுதி வாங்கவேண்டும். வணிக இரகசியம் என்ற சொல் அந்தக் கதவை அடைத்துவிடக் கூடாது.

அந்த மூதாட்டி என்னை மன்னித்தார். என் ஒப்பந்தத்தில் எல்லாம் இருந்தது. நான் திரும்பி வருவேன் என்ற ஒரு வரி மட்டும் இல்லை.