அசோகர் எழுதாமல் விட்ட இடம்

அசோக் பில்லர் ஸ்டாப்பில் இறங்குபவர்கள் அந்தத் தூணை அண்ணாந்து பார்ப்பது அபூர்வம். பார்த்தாலும் நினைவுக்கு வருவது சாலையோரம் மரம் நட்ட மன்னர்தான்.

அவருடைய 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டில் இருப்பது வேறு ஆள். முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபோது கலிங்கப் போர்: 1,00,000 பேர் கொலை, 1,50,000 பேர் நாடுகடத்தல், அதற்குப் பல மடங்கு சாவு. கணக்கு அவரே கொடுத்தது. வருந்துகிறேன் என்கிற அதே கல்வெட்டில் காட்டு மக்களுக்கு மிரட்டலும் உண்டு. சோழ, பாண்டிய நாடுகள்வரை தம்மத்தால், அதாவது அறத்தால், வென்றதாகப் பெருமையும் உண்டு.

கிர்நார், எர்ரகுடி என்று தூரத்துப் பாறைகளில் இந்த வருத்தம் பதிவாகியிருக்கிறது. கலிங்கத்து தௌலியிலும் ஜௌகடாவிலும் இல்லை. அங்கே வேறு இரண்டு ஆணைகள். மக்கள் எல்லாரும் தன் பிள்ளைகளாம். அப்பாக்களைப் பறிகொடுத்த ஊரில் இப்படி எழுத ரொம்பத்தான் துணிச்சல்!