லீவுக்கு வருமுன்

சென்னை,
தை 18

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளிக்கூட லீவு விட்டதும் வந்து எங்களோடு தங்குகிறேன் என்றாய். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள இரவில் நீ ஒருவன் இருந்தால் எனக்கும் அத்தானுக்கும் எவ்வளவோ தெம்பு. அதற்கு முன் நீ சின்னம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

"நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பாய். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். நீயோ நாள் முழுக்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவே நிற்கிறவன். அம்மை பரவும் மாசி, பங்குனி வேறு வருகிறது. எனக்கு அம்மை போட்டிருந்தபோது உன்னைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். உனக்கு இன்றுவரை வரவேயில்லை என்று அம்மா அடித்துச் சொல்கிறாள்.

பாப்பாவுக்கே போட்டுவிடலாமே என்று டாக்டரிடம் கேட்டேன். அந்த ஊசியில் இருப்பது வலுவைக் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. கீமோ நடக்கும்போது கூடவே கூடாது என்றார். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து, நோயை எதிர்க்கும் நல்ல அணுக்களையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும் அம்மை, இவளுக்கு நுரையீரல், ஈரல், மூளை என்று பரவிவிடலாம். வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. 1970-களில் ஜப்பானில் இந்தத் தடுப்பூசியை உருவாக்கிய மிச்சியாகி தகாஹாஷி, தன் மகனுக்கே சின்னம்மை கடுமையாக வந்ததைப் பார்த்த பிறகுதான் இதில் இறங்கினாராம். அதைப் படித்ததிலிருந்து அவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உனக்கு இரண்டு ஊசி. நடுவில் குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும். அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்வா. அரசு இலவசமாகப் போடும் ஊசிகளில் இது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். செலவு எங்களுடையது, மறுக்காதே. போட்ட பிறகு உடம்பில் எங்காவது கொப்புளம் கிளம்பினால் உடனே எனக்குச் சொல். அது ஆறும்வரை இங்கே வர வேண்டாம். ஃப்ளூ ஊசியும் கேட்டுப் போட்டுக்கொள். அதில் உயிருள்ள கிருமி இல்லை. பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும், வருடாவருடம் போட வேண்டும்.

அம்மா முதலில் தயங்கினாள். அம்மன் விஷயத்தில் குறுக்கே நிற்பதா என்று அவளுக்குப் பயம். நான் வாதாடவில்லை, பேத்தியின் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, வெள்ளை அணு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று விளக்கினேன். மறுநாள் தானே கிளம்பிப் போய் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது ஊசிக்கு என்ன தேதி கொடுக்கிறார்கள் என்று எழுது. அதைப் பார்த்து அத்தான் ரயில் டிக்கெட் எடுப்பார்.

அன்புடன்,
அக்கா